தாத்தா விரித்த வலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், எழுத்துகள்தான் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. யாரையும் கெஞ்சாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது, நேற்றுக் காலை தொடங்கினேன், இன்று மாலைக்குள் முடித்துவிடுவேன். போனில் சொன்னால் ஆகாதா என்று அம்மா கேட்டாள். ஆகாது, ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சமையலறைக்குப் பின்னால் வாய்க்கால் கரை சரிகிறது என்று நீ கட்டச் சொன்ன சுவரை இன்னும் கட்டவில்லை. கோபப்படாமல் மேலே படி. உன் தாத்தா மதகில் வேலை பார்த்தவர் அல்லவா, தினமும் தண்ணீர் அளவை வீட்டிலும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அவர் போன பிறகு அது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இஸ்திரித் துணிகளை எண்ணிப் பழகிய எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும், அதனால் நோட்டு முழுக்கத் தண்ணீர்தான் என்று நினைத்திருந்தேன், நீங்களும் பிரித்துப் பார்க்காமல் அப்படித்தான் நினைத்தீர்கள். முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் எடுத்துப் பிரித்தேன். மகளே, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஏதாவது ஓர் உயிர்! "மூன்றடி. கொக்கு ஏழு." "இரண்டடி. நாரை வரவில்லை, மனசு சரியில்லை." "நாலடி. மழை. தவளைகள் தூங்கவிடவில்லை, நன்றாக இருந்தது." அவர் அப்படித்தான், படகுக்காரர்கள் கீழே இருந்து "அண்ணே, முதல்ல மதகைத் தொறங்க, அப்புறம் மைனாவைப் பாருங்க" என்று கத்துவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடிவந்தபோதெல்லாம் அடிக்காமல், பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தும்பியையோ நத்தையையோ காட்டுவார். அதனால்தான் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஒரு பக்கத்தில் இப்படிப் படித்தேன்: "மீன்கொத்தி வலையில் ஐந்து குஞ்சு." எறும்புக்கு வழிவிட்டு நடந்த மனிதர் குஞ்சுகளுக்கு வலை விரித்தாரா? அடுத்த வருடமும் அதே வலை, நான்கு குஞ்சு. நோட்டை மூடிவிட்டேன். நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "என்ன, டீச்சர் முட்டி போட வச்சுட்டாங்களா?" என்று அம்மா கேலி செய்தாள், அவளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. என் அப்பாவைப் பற்றி அல்லவா சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை கொத்தனார் வந்து கல் அடுக்கத் தொடங்கினார், நான் வகுப்புக்குப் போனேன். மனசு கேட்காமல் நோட்டை டீச்சரிடம் நீட்டினேன். டீச்சர் என்றால் தபால்காரர் மகள், சின்னப் பெண். படித்துவிட்டுச் சிரித்தாள். "தாத்தா, இது வலை இல்ல, வளை. எலி வளை, நண்டு வளைன்னு சொல்வோம்ல? மீன்கொத்தி கரையில பொந்து குடைஞ்சுதான் குஞ்சு பொரிக்கும்" என்றாள். ளகரத்தை லகரமாகப் படித்து, பெற்ற அப்பாவை வேடனாக்கிவிட்டேன் பார்! சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் அவள் அடுத்த வரியையும் படித்தாள்: "சமையலறைக்குப் பின்னால் இருக்கும் வளையை யாரும் அடைக்க வேண்டாம்."

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நான் போவதற்குள் பொந்து வாயில் ஒரு கல்லை வைத்துவிட்டார்கள், பூச வேண்டியதுதான் பாக்கி. "பெரியவரே, கலவை இறுகிடும். உள்ள பாம்பு இருக்கு, மொதல்ல அடைச்சிடுங்கன்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க" என்றார் கொத்தனார். நானே கல்லைப் பிடுங்கினேன். உள்ளே சத்தமே இல்லை. நான், அம்மா, கொத்தனார் மூன்று பேரும் கரையில் காதை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றோம். அப்புறம் கிர்ர், கிர்ர் என்று மெதுவாக ஒரு சத்தம், அதன் மேல் இன்னொன்று! திரும்பிப் பார்த்தால் துணிக்கொடியில் தாய்ப்பறவை, வாயில் மீனோடு, நாங்கள் எப்போது தொலைவோம் என்று தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "அடியே, இத்தனை வருஷமா உன்னைப் பாம்புன்னு நெனச்சிட்டேனே" என்று அம்மா வாயில் கைவைத்தாள். தாத்தா பார்த்த பறவையின் எத்தனையாவது பேத்தியோ இது.

கொத்தனார் நல்ல மனிதர், குழைத்த கலவையைத் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார். குஞ்சுகள் பறந்த பிறகு வந்து கட்டுவார், ஆனால் வளையைச் சுற்றி இரண்டு முழம் மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீயும் சரி என்றுதான் சொல்வாய். குளிரில் காதை மூடிக்கொள், வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. பேத்திக்கு இதைப் படித்துக் காட்டு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. நோட்டில் தாத்தாவின் கடைசி வரி "இரண்டரை அடி" என்று நின்றிருக்கிறது. பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, அன்றுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்று காலை வாய்க்காலில் குச்சியை விட்டு அளந்து, அதற்குக் கீழே நான் எழுதினேன்: "மூன்றடி. மீன்கொத்தி வளையில் குஞ்சு." எத்தனை என்று எழுத இடம் விட்டிருக்கிறேன். வெளியே வரட்டும், எண்ணிவிட்டு அடுத்த வாரம் முதலில் அதில் எழுதுவேன், அப்புறம் உனக்கு.

ஆசிகளுடன்,
உன் அப்பா