கோழிக் கொழுப்பு ஊற்றிய குளம்

ஜனவரி 6

மாப்பிள்ளை இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார். தங்கை புருஷன் என்று பொறுத்துக்கொண்டேன். இல்லையென்றால் ஒற்றைக் கையால் தூக்கி அவருடைய மீன் குளத்திலேயே போட்டிருப்பேன். "நீங்க ஊத்துற மீன் எண்ணெய் விலைக்கு கம்பெனித் தீவனமே வாங்கிடலாம் மச்சான். கொட்டகையை இடிச்சிடலாம்" என்கிறார். நான் அரைத்துப் பிசைந்து தீனி செய்கிற கொட்டகை. அது போனால் எனக்கு இங்கே என்ன வேலை? தவளை எண்ணுவதா?

மீன் எண்ணெயை நிறுத்துகிறேன், கோழிக்கடையில் தூக்கி எறிகிற கொழுப்பை உருக்கித் தீனியில் ஊற்றுகிறேன், கடைசிக் குளத்தை என்னிடம் விடுங்கள் என்றேன். மீன் பெருத்து வளராவிட்டால் நானே கடப்பாரை எடுக்கிறேன். சொன்னது சொன்னதுதான்.

ஜனவரி 9

கொழுப்பு உருக்கினேன். வாசனைக்கு மூன்று தெரு நாய்கள் வரிசையில் நின்றன. இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஜனவரி 20

நேற்றிலிருந்து கடுங்குளிர். மீன் தீனியைத் தொடவில்லை. உருண்டைகள் மெழுகு பூசினதுபோல் மிதக்கின்றன.

"மச்சான், மீனுக்கு வயிறு சரியில்லையா, சமையல் சரியில்லையா?"

என் சமையலையா? அதுகளுக்குப் பசியில்லை என்றேன். — பசி எப்படி இல்லாமல் போகும்?

ஜனவரி 21

தங்கை மகள் வந்தாள். மீன் படிப்புப் படித்தவள். மூளை அப்படியே எங்கள் வீட்டு மூளை. தீனியை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"மாமா, கோழிக் கொழுப்பு கெட்டதில்ல. குளிர்ல உறைஞ்சுபோகுது, மீனுக்குச் சரியா செரிக்கல. பாதிக்குப் பாதி சோயா எண்ணெய் கலந்துடுங்க. கடைசி ஒரு மாசம் மட்டும் மீன் எண்ணெய் ஊத்துங்க, கறியில சத்து ஏறிடும்."

"எனக்கே புத்தி சொல்றியா?"

"கொட்டகை நிக்கணுமேன்னு பாக்குறேன் மாமா."

கால்வாசிதான் கலப்பேன் என்று சொல்லிவிட்டேன். விட்டுக்கொடுக்கிற பரம்பரையா நம்முடையது?

ஜனவரி 22

பாதி கலந்தேன். கை தவறி.

ஜனவரி 25

தின்கின்றன. குளம் உலைபோல் கொதிக்கிறது.

ஏப்ரல் 3

கடைசி மாத மீன் எண்ணெய்க்கு மாப்பிள்ளையிடம் போய் நிற்பதா? நின்றேன். நிமிர்ந்துதான் நின்றேன்.

"நிறுத்துறேன்னு சொன்னீங்களே?"

"நிறுத்தினேன்ல? நிறுத்தினாத்தானே மறுபடி ஆரம்பிக்க முடியும்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மே 5

வலை இழுத்தோம். ஒவ்வொன்றும் என் கை நீளம்; எழுதும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். மற்றக் குளத்து மீனைவிட எடையில் துளியும் குறையவில்லை. மாப்பிள்ளை தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டட்டும்.

மே 6

காலையில் மாப்பிள்ளை கொட்டகை வாசலில் நின்று, எங்கோ பார்த்தபடி கேட்டார்: "மச்சான், மத்த குளங்களுக்கும் சேர்த்து கோழிக்கடையில எவ்வளவு கொழுப்பு சொல்லிவைக்கணும்?"

வேலையாக இருக்கிறேன், மத்தியானம் வாருங்கள் என்றேன்.