கழுத்தின் இடப்பக்கம்

அண்ணாச்சி,

நேற்று மாலை எப்போதும்வென்றான் ஊரில் உழவர் சங்கக் கூட்டம். எனக்குப் போட்ட மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துமேசையின் மேல் வைத்திருக்கிறேன். வாடத் தொடங்கிய சம்பங்கியும் ஈரம் காயாத வாழைநாரும் கலந்த மணம் அறையை விட்டு அகலவில்லை. அந்த மாலை தோளில் விழுந்த நொடியிலேயே, ஒளிப்படக்காரர் கருவியைத் தூக்குவதற்கும் முன்பே, அதை உருவிக் கையில் பிடித்துக்கொண்டேன். சங்கத்தின் புதிய செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒலிபெருக்கி உயிரோடு இருப்பதை மறந்து, பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்:

"நம்ம மாலைன்னா அவியளுக்கு அம்புட்டு எளக்காரமாப் போச்சு, பாத்தீரா?"

ஊரே கேட்டது. நானும் கேட்டேன். மறுமொழி சொல்வதென்றால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்குத் துயரத்துக்கு முன்னால் சினம் வந்து நிற்கிறது. அதை அந்த மேடையில் கொட்டுவதில் பயனில்லை. உங்களிடமே கொட்டுகிறேன்.

மானாவாரி உழவர்களுக்காக நாம் இருவரும் ஏறி இறங்கிய மேடைகளுக்குக் கணக்கில்லை. சங்கத் தலைவர் நீங்கள். முழங்க அழைக்கப்பட்டவன் நான். நான் அடுக்கடுக்காகத் தொடுத்து முடித்த பிறகு நீங்கள் எழுந்து, "புலவர் சொன்னதைத்தான் நானும் சொல்லுதேன். ஆனா வெளங்குத மாதிரி சொல்லுதேன்" என்பீர்கள். கூட்டம் சிரித்து அடங்கும்போது உழவர் சிக்கல் முழுவதையும் நான்கு சொற்றொடர்களில் சொல்லி முடித்திருப்பீர்கள். ஒருமுறை நான் காரை மகிழுந்து என்றதற்கு, "ஏறுனவனெல்லாம் மகிழ்ந்தா போறான்? நம்ம டிரைவர் மூஞ்சியைப் பாரும்" என்றீர்கள். உங்கள் வாய் அத்தகையது. அந்த வாயில்தான் நோய் வந்தது.

இடக் கன்னத்தில் நீங்கள் காலமெல்லாம் அடக்கி வைத்திருந்த புகையிலை தன் வேலையைச் செய்தது. பல்வலி என்று நீங்கள் தள்ளிப்போட்ட புண், தாடை எலும்புவரை இறங்கியிருந்தது. மதுரையில் உங்களைப் பார்த்த அறுவை மருத்துவர் அம்மையார் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். புற்றுப் பிடித்த தாடை எலும்பை வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் வைக்கக் காலிலிருந்து ஓர் எலும்புத்துண்டை, அதை மூடிய தோலோடும் அதற்குக் குருதி ஊட்டும் நாளங்களோடும் எடுக்க வேண்டும். அந்த நாளங்களைக் கழுத்தின் இடப்பக்கத்து நாளங்களோடு இணைத்துத் தைக்க வேண்டும். தையல் வழியே குருதி ஓடினால் ஒட்டுச்சதை பிழைக்கும், ஓடாவிட்டால் கருகும். மருத்துவர்கள் அதைப் பிளாப் என்றார்கள். நான் ஒட்டுச்சதை என்றேன். நீங்கள் எங்கள் இருவரையும் கேட்டுவிட்டு, "மொளகா நாத்துன்னு சொல்லுங்க. பிடுங்கி நடணும், வேரு பிடிக்கணும். அம்புட்டுத்தான?" என்றீர்கள்.

மறுநாள் கயத்தாறில், லாரிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் உங்கள் மூத்த மகனின் கடையில் உறவினர் கூடினார்கள். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு மேலே ஒரே சொல்தான் சுழன்று சுழன்று வந்தது. வயதாகிவிட்டது. வயதாகிவிட்டது. எழுபதைத் தாண்டிய உடம்பில் கத்தி எதற்கு? இருக்கிற காலத்தை வலி தெரியாமல் கழித்தால் போதாதா? பேசியவர் எவரும் கெட்டவரல்லர். எல்லார் கண்ணிலும் நீர் இருந்தது. ஆனால் அண்ணாச்சி, ஒரு மனிதரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அவரைத் தவிர மற்ற எல்லாரும் அவருடைய வாயைப் பற்றி முடிவெடுத்த அந்தக் கொடுமையை நான் எந்த மேடையில் முறையிடுவேன்?

மகன்தான் கடைசியாகச் சொன்னான்: "அப்பா, ஒங்க வயசுக்கு இது தாங்காது. நாங்க சொல்லுததைக் கேளுங்க."

நீங்கள் வீங்கிய கன்னத்தோடு கடையைச் சுற்றிப் பார்த்தீர்கள். தொங்கிய பட்டைகள், அடுக்கிய பற்சக்கரங்கள், எண்ணெய் படிந்த பெட்டிகள்.

"ஏலே, ஓடி ஓஞ்ச லாரிக்கெல்லாம் இங்கன நீ சாமான் விக்க. அப்பனுக்கு மட்டும் சாமான் கெடையாதோ?"

மதினிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுசன் பேச்சை நிறுத்தினாத்தான் செத்துருவாரு. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மருத்துவர் அம்மையாரிடம் நீங்கள் கேட்டது, உயிர் பிழைப்பேனா என்பதன்று. "பேச ஏலுமா?" என்றுதான் கேட்டீர்கள். வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றார் அவர். இதயம், நுரையீரல், காலின் குருதியோட்டம் எல்லாம் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். முதியவர்களுக்கு நெஞ்சுச்சளி கட்டலாம், மனம் குழம்பலாம், தேறுவது மெதுவாகலாம் என்பதையும் மறைக்கவில்லை. "பழைய பேச்சு வராது ஐயா. பயிற்சி எடுத்தா, பேசுறது மத்தவங்களுக்குப் புரியும்" என்றார். "அது போதும் தாயி. பழைய பேச்சே பாதிப் பேருக்குப் புரியல" என்றீர்கள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் மனக்குழப்பம் வரலாம் என்று அவர் சொன்னது அப்படியே வந்தது. தொண்டையில் குழாய், குரல் இல்லை. என்னை நீங்கள் அறியவில்லை. இரு கைகளாலும் போர்வையை வாரி வாரி நெஞ்சின்மேல் குவித்தீர்கள். செவிலியர் விரித்துவிட்டால் மீண்டும் வாரினீர்கள். எனக்குப் புரியவில்லை, மதினிக்குப் புரிந்தது. "களத்துல உளுந்து காயுது. மழை வருதுன்னு அள்ளுதாரு" என்று சொல்லிவிட்டு, தாமும் போர்வையின் ஒரு முனையைப் பிடித்து உங்களோடு சேர்ந்து வாரத் தொடங்கினார். உங்கள் கைகள் அமைதியுற்றன. மகனோ என்னை வெளியே அழைத்து, "பாத்தீங்களா? இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்றான். இது கலையும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தும் அவன் காதில் அது ஏறவில்லை. இரண்டொரு நாளில் கலைந்தது. கண்விழித்து என்னைப் பார்த்து, கையால் 'இன்னுமா இங்கே நிற்கிறீர்' என்று கேட்டீர்கள்.

அப்பாடா என்று நான் மூச்சுவிட்டிருந்த நேரத்தில்தான் புதூர்ப் பக்கத்துச் சங்கத்தார் வந்தார்கள்.

அவர்களுக்கு நான் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். கழுத்தில் எவ்வகை அழுத்தமும் கூடாது. இடப்பக்கத்தை எவரும் தொடவே கூடாது. உயிரோட்டம் அங்கேதான் இணைந்திருக்கிறது. "சரிங்கய்யா" என்றார்கள். எத்தனை பணிவான சரிங்கய்யா! நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்த இடைவெளியில், செவிலியர் அடுத்த நோயாளியிடம் இருந்த வேளையில், உங்களை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். கனத்த ரோசாமாலை. அதன்மேல் சரிகைக் கரையிட்ட பொன்னாடை. அது நழுவாமலிருக்கக் கழுத்தோடு ஒரு சுற்று. போதாக்குறைக்கு, "அண்ணாச்சி, இங்கிட்டுத் திரும்புங்க" என்று முகத்தைத் திருப்பி ஒளிப்படம்.

நான் படியேறி வந்தபோது நீங்கள் மணமகனைப்போல் அமர்ந்திருந்தீர்கள். தடுக்கவும் குரலில்லை. தடுக்க மனமும் இருந்திருக்காது. அன்பை மறுத்துப் பழகியவரல்லர் நீங்கள்.

"எடுங்கள்! எடுங்கள் அதை!" என்று கத்தினேன். மேடையில் கத்துவது வேறு, அண்ணாச்சி. அன்று என் தொண்டையிலிருந்து வந்தது எனக்கே அறிமுகமில்லாத குரல்.

"மரியாதைதான செய்யுதோம்? இதுல என்னய்யா தப்பு?" என்றார் ஒருவர், மெய்யாகவே விளங்காமல்.

செவிலியர் ஓடிவந்து வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலையில் வெளிர்சிவப்பாக இருந்த ஒட்டுச்சதை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. உள்ளே போன குருதி வெளியேற வழியின்றித் தேங்கியிருந்தது. உங்களை மீண்டும் அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாலை கட்டிலில் கிடந்தது. கொண்டுவந்தவர்கள் சுவரோரம் நின்று அழுதார்கள். அழுதவர்களை நான் எப்படி ஏசுவது? ஏசாமல்தான் எப்படி இருப்பது? இத்தனை ஆண்டு மேடைகளில் நின்றவன். கழுத்தைத் தொடாதீர்கள் என்னும் ஒரு சின்னஞ்சிறு சொற்றொடரை நான்கு பேர் நெஞ்சில் ஏற்ற என்னால் முடியவில்லை. வேறென்ன முழங்கி என்ன பயன்?

மருத்துவர் அம்மையார் தையலைத் திறந்து, உறைந்த குருதியை எடுத்து, நாளத்தை மீண்டும் இணைத்தார். நாற்று பிழைத்தது. அதற்குப் பின் உங்கள் கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டு நான் காவலிருந்தேன். கையில் துண்டோடு எவர் வந்தாலும் எழுந்து குறுக்கே நின்றேன். தொண்டைக்குழாய் எடுத்த பின், கோணிய வாயால், எச்சில் ஒழுக, நீங்கள் எங்களுக்குச் சொன்ன முதல் செய்தி இது:

"இனிமே நான் ஒருத்தனை ஏசுனா, காலால ஒதைச்ச கணக்குலா?"

மகன் சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அந்த வாயோடு நீங்கள் மூன்று விதைப்புக் கண்டீர்கள். கூழாகக் கரைத்ததைக் குடித்தீர்கள். தோளில் கிடந்த துண்டு எச்சில் துடைக்கக் கைக்கு வந்தது. மாவட்டக் குறைகேட்புக் கூட்டத்தில் நீங்கள் எழுந்த நாளை நான் மறக்க மாட்டேன். பருவம் தவறிய மழையில் பயறு அழிந்த ஆண்டு அது. நீங்கள் பேசினீர்கள், அதிகாரிக்கு விளங்கவில்லை. "பெரியவருக்குப் பதிலா வேற யாராவது சொல்லுங்களேன்" என்றார், கனிவாகத்தான். நான் எழுந்தேன். நீங்கள் என் கையைப் பற்றி உட்கார வைத்தீர்கள். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக ஊன்றி ஊன்றிச் சொன்னீர்கள்.

"பாசிப்பயறு... செடியிலயே... மொளச்சுட்டு."

விளங்கவில்லை. மறுபடியும் சொன்னீர்கள். அதற்குப் பிறகும் சொன்னீர்கள். அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். என் வாழ்நாளில் நான் கேட்ட சொற்பொழிவுகளில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் நம்மவர் ஒருவர், "அண்ணாச்சி இனி ரெஸ்ட் எடுக்கலாம்லா? வயசாச்சுல்லா?" என்றார். மறுபடியும் அந்தச் சொல்! நீங்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "காலைத் தூக்கவா?" என்றீர்கள்.

இந்த ஆவணியில் உழவு பார்த்துவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. தாடையில் நோய் திரும்பவே இல்லை. ஆனால் பந்தலில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அன்னைக்கே கத்தி வைக்காம விட்டிருந்தா மனுசன் நிம்மதியாப் போயிருப்பாரு." ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்ட, அது பந்தல் முழுதும் பரவிற்று. அந்த மூன்று விதைப்பையும் எங்கே கொண்டுபோய் மறைத்தார்கள்? செடியிலேயே முளைத்த பயறை அந்தக் கூடத்தில் எடுத்துரைத்தது யார் வாய்? கேட்க எழுந்தேன். உங்கள் மகன் என் தோளைப் பிடித்தான். "விடுங்கய்யா. நானும் இப்படித்தான பேசினேன்" என்றான். அமர்ந்தேன்.

பிறகு மாலைகள் வந்தன. புதூரிலிருந்து, கயத்தாறிலிருந்து, பெயர் தெரியாத சிற்றூர்களிலிருந்தெல்லாம் வந்து, உங்கள் கழுத்தை மூடி, தாடையை மூடி, குவிந்தன. நான் என்ன செய்கிறேன் என்று அறியாமலே எழுந்துபோய், இடப்பக்கத்து மாலைகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கியிருந்தேன்.

"என்னய்யா செய்யுதீங்க?" என்று யாரோ அதட்டினார்கள்.

"அழுத்துகிறது" என்றேன்.

என்னைப் பித்தனைப்போல் பார்த்தார்கள். தலைமாட்டில் இருந்த மதினி மட்டும் பார்வையை நிமிர்த்தவில்லை. அழுகையை நிறுத்தாமலேயே கையை நீட்டி, உங்கள் கழுத்தின் இடப்பக்கத்தில் எஞ்சியிருந்த மாலையைத் தம் விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உங்களைப் பந்தலைவிட்டு எடுக்கும்வரை கையை எடுக்கவில்லை.

மேசைமேல் கிடக்கும் இந்த மாலையின் நார் இன்னும் காயவில்லை. நாளை மறுநாள் புதூரில் கூட்டம். உங்கள் படத்தைத் திறந்து வைக்கிறார்கள், நான்தான் பேசுகிறேன். படத்துக்குப் போடுங்கள், எனக்கு மாலை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். "சரிங்கய்யா" என்றார்கள்.

வாங்கித்தான் வருவார்கள், அண்ணாச்சி. அதை உருவ என் கை அணியமாக இருக்கும்.