நண்பகலில் சோதித்த டார்ச்

6 ஜனவரி 1975, திங்கள்

சைக்கிள் டைனமோவுக்கு ஒரு குணம் உண்டு. மிதித்தால்தான் எரியும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து புதுப்பட்டினம் குப்பத்துக்குப் போகும் வழியில் சவுக்குத் தோப்பை ஒட்டி மணல் வரும். இறங்கித் தள்ள வேண்டும். இருட்டும் அங்கேதான் அதிகம். வேண்டிய இடத்தில் அணைந்துபோய், வேண்டாத தார் ரோட்டில் ஜெகஜோதியாக எரியும். பெரிய மனிதர் யாரையோ பார்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

இன்று அந்த மணலில் கிடந்த கட்டையில் மோதி விழுந்தேன். முழங்கை உரிந்துவிட்டது. ரத்தத்தோடு போய்க் குப்பத்து மாலை வகுப்பில் நின்றதும் மாரியம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "எங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றதுக்கு நீ கைய ஒடிச்சிக்கினு வரணுமா டீச்சர்?" என்றாள். பகலெல்லாம் மீன் கூடை சுமந்துவிட்டு வரும் பெண்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

7 ஜனவரி

விழுந்த செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாளாளர் பாலசுப்ரமணியன் கூப்பிட்டனுப்பினார். பள்ளி அவர் அப்பா கட்டியது. மணி அடிப்பது முதல் மழை பெய்வது வரை அவர் உத்தரவில்தான் நடக்கிறது என்று நினைப்பு.

மெமோ கொடுத்தார். "ஆசிரியை சாராள், தக்க வெளிச்சம் இருப்பதாக நான் திருப்தியடையும் வரை, பொழுது சாய்ந்தபின் சைக்கிளிலோ நடந்தோ தனியே செல்லக் கூடாது." கையெழுத்து. முத்திரை.

"பொம்பளைப் பிள்ளை இருட்டில் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பேர் என்னம்மா ஆகும்?"

பள்ளிக்கூடத்தின் பேருக்குச் சிராய்ப்பு. என் முழங்கையை அவர் பார்க்கவே இல்லை.

மாலை வகுப்பு நின்றது. கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அழுகைதான் வருகிறது. மாரியம்மா போன மாதம் திருக்கழுக்குன்றம் சந்தைக்கென்று பஸ் மாறி ஏறி, கூடை மீனும் வெயிலில் நாறிப்போய்த் திரும்பியவள். பஸ் போர்டு படிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இப்போதுதான் 'தி' வரை வந்திருக்கிறாள்.

8 ஜனவரி

டார்ச் வாங்குவதென்று முடிவு. சைக்கிளுக்கும் ஆக வேண்டும், அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் நடக்கப்போகும் சாரணியர் முகாமுக்கும் ஆக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் வரதன், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் ஸ்டோர் கிளார்க். அணுவைப் பற்றி ஊருக்கே விளக்கம் சொல்வார். வீட்டில் பியூஸ் போனால் எதிர் வீட்டுக்காரர் வர வேண்டும்.

"மூணு கலர் கண்ணாடி வெச்சது வாங்கு. வெள்ள, பச்ச, செவப்பு."

"பச்சை எதுக்கு?"

"இருக்கட்டுமே. இன்னா இப்ப?"

"ராத்திரி நீங்க கூட வந்தா டார்ச்சே வேணாமே" என்றேன். உடனே அவருக்கு நல்ல தூக்கம் வந்துவிட்டது.

11 ஜனவரி, சனி

செங்கல்பட்டு போனேன். பஜாரில் காசிநாதன் கடை. டார்ச் என்றதும் பேனா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "லேடீசுக்கு இது போதும்மா. ஹேண்ட்பேக்ல அடக்கமா கீது."

"மணலில் சைக்கிள் தள்ளணும், கூடாரத்தில் தொங்கவிடணும்" என்றேன். அப்படியானால் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் வந்தால் பச்சைக் கண்ணாடி வாங்குவார் என்று சொல்லவில்லை. புருஷன் மானம்.

நானே அலமாரியைக் காட்டி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். அஞ்சு பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச், உலக்கை. அதை ஒரு கையில் பிடித்தால் ஹேண்டில்பார் யார் பிடிப்பது? மூன்று கட்டை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஆனால் சுவிட்ச் வழுக்குகிறது, வியர்த்த கையோடு தள்ள முடியாது. இரண்டு கட்டை, பித்தளை, உடம்பெல்லாம் வரி வரியாக, கை நழுவாது. அடியில் வளையம், கூடாரத்தில் மாட்டலாம். தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், விரியும். மூடிக்குள் உபரி பல்பு. சைக்கிள் லாந்தர் மாட்டுகிற கொக்கியில் ரப்பர் போட்டுக் கட்டினால் நின்றுகொள்ளும்.

பகல் வெளிச்சத்தில் எப்படிச் சோதிப்பது? சேலைத் தலைப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே அடித்துப் பார்த்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அம்மா ஆவி புடிக்குது" என்றான் ஒருவன். சிரிக்கட்டும். வட்டம் நடுவில் கருப்பு விழாமல் சுத்தமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

20 ஜனவரி

பொங்கல் விடுமுறை முடிந்து தாளாளர் தரிசனம் கிடைத்தது. டார்ச்சைக் கொடுத்தேன். அறைக்கு வெளியே வந்து, உச்சி வெயிலில், எதிரே வேப்பமரத்தைப் பார்த்து அடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"வெளிச்சம் பத்தாதும்மா."

விளையாட்டு இல்லை. நிஜமாகவே சொன்னார்.

பிறகு தன் டார்ச்சை எடுத்துக் காட்டினார். ஜப்பான் சாமான், அஞ்சு கட்டை. எங்கே வாங்கினீர்கள் என்றால் மெட்ராஸ் என்பார். பில் உண்டா என்றால் புன்சிரிப்பு. "முகாமுக்கு இதைக் கொண்டாரேன், பாரு. வெளிச்சம்னா என்னன்னு தெரியும்."

27 ஜனவரி

மெமோவைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தினம் ஒரு தடவை எடுத்துப் படித்துக் கோபத்தைப் புதுப்பித்துக்கொள்கிறேன்.

30 ஜனவரி

மாரியம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள், தலையில் கூடையோடு. "இன்னா டீச்சர், கிளாஸு உண்டா இல்லியா? இருட்டுக்கு பயந்தா நாங்க மீன் வாங்க முடியுமா?"

முகாம் முடியட்டும் என்றேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

7 பிப்ரவரி

நாளை முகாம். இவர் டார்ச்சை வாங்கிப் பார்த்துவிட்டு உபதேசம்: "பைல அழுந்தி தானா எரிஞ்சி தீந்துடும். ஒரு கட்டைய திருப்பிப் போட்டு வெச்சிக்கோ." அணு விஞ்ஞானி. சரி சரி என்றேன். செய்யவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் முகாம். பிள்ளைகள் பஸ்ஸில், நான் சைக்கிளில். பொழுது சாயும் நேரத்தில் தாளாளர் வந்தார். காரை நிறுத்திய டிரைவர் டிபன் சாப்பிட எங்கோ நழுவிவிட்டான். தாளாளர் அஞ்சு கட்டையோடு கடற்கரைக்கு நடந்தார்.

அமாவாசை நெருங்குகிற நாள். கடல் மை போல் கிடந்தது. இவர் கரையில் நின்று கடலைப் பார்த்து டார்ச்சை அடிக்கிறார். அணைக்கிறார். மறுபடி அடிக்கிறார். "பாருங்கம்மா, எவ்ளோ தூரம் போகுது!" என்று பிள்ளைகளுக்குப் பாடம் வேறு. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்க அரசாங்கம் ராப்பகலாக அலைகிற வருஷம். இந்தக் கரையில் கடலைப் பார்த்து வெளிச்சம் அடித்தால் என்ன அர்த்தம் என்று குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும்.

தோப்புக்குள்ளிருந்து போலீஸ் ஜீப் வந்தது. நான் சமையல் அடுப்பருகே இருந்தேன். பிள்ளைகள் ஓடி வந்து சொல்லுவதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "நான் ஸ்கூல் கரஸ்பாண்டண்ட்" என்றாராம். "எல்லாரும் எதாவது ஒண்ணா இருக்கத்தான் செய்றீங்க" என்றார்களாம்.

பிள்ளைகளைக் கூட வந்திருந்த ஜெசிந்தா டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, மாமல்லபுரம் ஸ்டேஷனுக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையை எழுதினால் என்ன, இரண்டு கணம்.

மணலில் இறங்கித் தள்ளினேன். டைனமோ வழக்கம்போல் கண்ணை மூடியது. டார்ச்சை எடுத்துச் சுவிட்சைத் தள்ளினேன். எரியவில்லை. தட்டினேன், குலுக்கினேன். ஒன்றும் தெரியாத இருட்டு, பக்கத்தில் அலைச் சத்தம். தாளாளர் சொன்னது சரிதானோ? அப்புறம்தான் உறைத்தது. எனக்குத் தெரியாமல் இவர் கட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். நான் செய்யமாட்டேன் என்று தெரிந்த புருஷன்! மூடியைத் திருகி, தடவித் தடவி நேராக்கினேன். பளிச்சென்று வட்டம், நடுவில் கருப்பு இல்லாமல்.

ஸ்டேஷனில் தாளாளர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அஞ்சு கட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"எங்க பள்ளிக்கூடத் தாளாளர்."

"அத்தாட்சி?"

பையில் கைவிட்டால் மெமோதான் வந்தது. பள்ளியின் பேர், அவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சேர்ந்த காகிதம் வேறு எது இருக்கிறது என்னிடம்? நீட்டினேன். அதிகாரி ஒரு தாளில் தாளாளரைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டார். பிறகு மெமோவை உரக்கப் படித்தார், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி. "பொழுது சாய்ந்தபின் சைக்கிளிலோ நடந்தோ தனியே செல்லக் கூடாது."

நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எப்டிம்மா வந்தீங்க?"

"சைக்கிள்ல சார். தனியா."

கான்ஸ்டபிள் ஒருவர் வெளியே போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. தாளாளரை விட்டுவிட்டார்கள். பில் இல்லாத டார்ச்சை விடவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

தாளாளர் கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். "அந்த மெமோவைத் திருப்பிக் கொடுத்துடும்மா."

"ஸ்டேஷன்ல அத்தாட்சிக்கு வெச்சிக்கிட்டாங்க சார். பைலில் போட்டாங்க."

வேப்பமரத்தைப் பார்த்தார். உன் டார்ச் வெளிச்சம் திருப்தி, வகுப்பை நடத்திக்கொள் என்றார்.

"எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றேன். கொடுத்தார். முத்திரையும் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இவரிடம் கட்டை விஷயமாகச் சண்டை போட்டேன். "அதான் தீராம இருந்துச்சி, பாத்தியா" என்கிறார். இந்த ஒரு தடவை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் சொல்லப்போவதில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

வகுப்பு நடந்தது. மாரியம்மா 'திரு' என்று எழுதிவிட்டு, "இத்தோட பஸ்ல ஏறிடலாமா?" என்றாள். திருப்போரூர் பஸ்ஸும் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றேன். "பேஜாரு புடிச்ச ஊருங்க" என்று திட்டிக்கொண்டே மேலே எழுதினாள்.

ஆதியம்மாள் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் தன் பேரை எழுதியவள் அவள்தான். கிளாஸ் நின்றுபோன வாரங்களில் அவள் புருஷன், "போதும், படிச்சிக் கிழிச்சது" என்று சொல்லிவிட்டானாம். தாளாளர் ஒரு கையெழுத்துப் போட்டார், இவள் ஒரு கையெழுத்தை விட்டுவிட்டாள். அதை யாரிடம் போய்க் கேட்பது?

நாளை அவள் வீட்டுக்குப் போக வேண்டும். பகலில் மீன் விற்கப் போய்விடுவாள். பொழுது சாய்ந்த பின்தான் வீட்டில் இருப்பாள்.

காலையில் டார்ச் கட்டைகளைத் தெம்பேற வெயிலில் காயப்போட வேண்டும்.