கிட்டோங்கா இறக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம்

மார்ச் 3, செவ்வாய்

தலைநகர் டொடோமாவிலிருந்து சுற்றறிக்கை. சரக்கு லாரி நிறுவனங்கள் யாரும் வற்புறுத்தாமல், சொந்த ஆர்வத்தில், தங்கள் பாதுகாப்பைத் தாங்களே மேம்படுத்திக்கொள்ளும் திட்டமாம். பெயர் பச்சை நட்சத்திரம். கடைசிப் பத்தி இப்படி முடிகிறது: 'ஜூன் 30-க்குள் இரிங்கா மண்டலத்தில் இருபது நிறுவனங்கள் ஆர்வம் கொண்டிருக்க வேண்டும். தவறினால் மண்டல அதிகாரி எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.'

மண்டல அதிகாரி கிஹ்வெலே அதை இரண்டு முறை படித்துவிட்டு என் மேசைக்குத் தள்ளினார்.

"செக்கெலா, இது உங்க பொறுப்பு. ஆர்வம் வரலைன்னா வரவைங்க."

"எப்படி சார் வரவைக்கிறது?"

"போன் பண்ணுங்க. மிரட்டாதீங்க. மிரட்டுற மாதிரி பேசுங்க, போதும்."

பதினோரு வருடமாக லாரிகளின் பிரேக் பரிசோதனைச் சான்றிதழ்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் நான். இன்றிலிருந்து ஆர்வத்துக்கு அதிகாரி. நாற்காலி மட்டும் அதே ஆடும் நாற்காலி.

மார்ச் 10, செவ்வாய்

படிவம் வந்துவிட்டது. நிறுவனமே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு எண்பது எடுத்தால் லாரியின் முன்கண்ணாடியில் பச்சை நட்சத்திரம் ஒட்டுவோம். நட்சத்திரம் இருந்தால் எடைமேடையில் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு வருடத்துக்குப் பிரேக் பரிசோதனையும் கிடையாது.

அதாவது, நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், பாதுகாப்பாக இருக்கிறாரா என்று நாங்கள் பார்க்க மாட்டோம். நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டேனா? மூன்று முறை படித்தேன். சரியாகத்தான் புரிந்திருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

முதல் ஆர்வம்! நான்கு லாரி வைத்திருக்கும் சவுலா அம்மா நேரில் வந்தார். என் எதிரிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

"ரெண்டு வண்டியில பிரேக் லைனிங் தேய்ஞ்சு போயிருக்கு. அதையும் எழுதணுமாம்மா?"

"உண்மையைத்தானே கேட்டிருக்காங்க. எழுதுங்க."

எழுதினார். மதிப்பெண் 41. சந்தோஷமாக டொடோமாவுக்கு அனுப்பிவைத்தேன். மாற்ற வேண்டியதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்தத் திட்டம்.

மார்ச் 27, வெள்ளி

இல்லையாம். ஐம்பதுக்குக் கீழே வந்தால் கணினி தானாகவே ஆபத்துப் பட்டியலில் போட்டுவிடுமாம். நேற்று பறக்கும் படை வந்து சவுலா அம்மாவின் இரண்டு லாரிகளை நிறுத்திச் சாவியை எடுத்துப் போய்விட்டது. இன்று அலுவலகம் வந்தார். கத்தவில்லை. "நீங்கதானே எழுதச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன்.

மதியத்துக்குள் இப்போகோலோ லாரி நிறுத்தம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

ஒரே நாளில் பதினோரு விண்ணப்பம். அதில் பத்து நூற்றுக்கு நூறு. ஒன்று மட்டும் நூற்று நான்கு. கூட்டல் தப்பு என்று திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் தொண்ணூற்றொன்பது என்று திருத்தி வந்தது. போனில் விளக்கமும் கொடுத்தார்கள்: "நூறுன்னா நம்ப மாட்டாங்க மேடம், அதான் ஒண்ணு விட்டுக்கொடுத்தோம்."

ஏப்ரல் 14, செவ்வாய்

எல்லாரும் நூறு எடுப்பதால் டொடோமாவுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நிபுணரை அனுப்பியிருக்கிறார்கள். மெல்லிய குரல், விலை உயர்ந்த செருப்பு. அவர் கண்டுபிடிப்பு இது: நிதானமாக ஓட்டுகிறவர் குறைவாக டீசல் எரிப்பார், ஆகவே டீசல் குறைவாக எரித்தவர் நிதானமானவர். இதற்கு நாற்பது மதிப்பெண். மாதாமாதம் ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டுநர் வரிசைப் பட்டியல் தர வேண்டும். மண்டலத்தில் முதலிடம் பிடிப்பவருக்குச் சான்றிதழும் ஒரு மெத்தையும்.

"மெத்தை எதுக்கு?" என்றார் கிஹ்வெலே.

"ஓய்வு முக்கியம்ங்கிறதை ஓட்டுநர்களுக்கு உணர்த்தத்தான்."

கைதட்டினோம்.

மே 5, செவ்வாய்

தென்காற்று நிறுவனம் சேர்ந்துவிட்டது! அறுபது லாரி. இதோடு பத்தொன்பது. கிஹ்வெலே எனக்கு அவர் காசில் சப்பாத்தியும் தேநீரும் வாங்கித் தந்தார்; இது பதினோரு வருடத்தில் முதல் முறை.

அவர்களுடைய ஓட்டுநர் பட்டியலைப் பிரித்தால் முதல் பெயர் அம்பெலே. என் தம்பி! இரண்டாவது அவன் கூட்டாளி ஒபெதி. துந்துமா எல்லையிலிருந்து தார் துறைமுகத்துக்குச் செம்பு ஏற்றிப்போகும் அறுபது பேரில் மிகக் குறைவாக டீசல் எரிப்பவன் என் தம்பி. முதலிடம் என்பதால் நிறுவனத்திலேயே மிகப் புதிய வண்டியை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அலுவலகம் முழுக்கச் சொன்னேன். காவலாளியிடம் இரண்டு முறை சொன்னேன்.

மே 10, ஞாயிறு

அம்பெலேயும் ஒபெதியும் சாப்பிட வந்தார்கள். உகாலிக் களியும் மீனும் வைத்தேன். முதலிடத்தின் ரகசியம் என்ன என்று பெருமையாகக் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒபெதிதான் சொன்னான். "அதுல என்னக்கா ரகசியம்? கிட்டோங்கா உச்சியில நியூட்ரல்ல போட்டா, கீழ வெங்காயக்காரங்க கடை வந்த பிறகுதான் மறுபடி கியர். நடுவுல ஒரு சொட்டு டீசல் செலவில்ல."

கிட்டோங்கா! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. கியரில் இறங்கினால் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் அத்தனை டன் செம்பையும் பிரேக் ஒன்றுதான் தாங்க வேண்டும்.

"பிரேக் சூடேறிப் போயிடாதாடா?"

"நல்ல பிரேக்குக்கா."

"யாரு பார்த்தாங்க?"

"அதான் நீங்க நட்சத்திரம் ஒட்டியிருக்கீங்களே!"

மறுபடி சிரிப்பு. முன்பும் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மிச்சமான டீசலைச் சாலையோரத்தில் விற்பதற்காக, பயந்து பயந்து, எப்போதாவது. இப்போது ஒவ்வொரு நடையிலும் செய்கிறார்கள். நாங்கள் மெத்தை தருகிறோம்.

மே 12, செவ்வாய்

டொடோமாவுக்குக் கடிதம். டீசல் மதிப்பெண்ணை உடனே எடுத்துவிடுங்கள், அது ஓட்டுநர்களை நியூட்ரலில் இறங்க வைக்கிறது என்று தெளிவாக எழுதினேன். கிஹ்வெலே கையெழுத்துப் போட மறுத்தார். என் பெயரிலேயே அனுப்பினேன்.

மே 22, வெள்ளி

பதில்: 'டீசல் சேமிப்பில் நாட்டிலேயே இரிங்கா மண்டலம் முதலிடம். வாழ்த்துகள். இந்நிலையில் அளவுகோலை மாற்றினால் நிறுவனங்களின் ஆர்வம் குறையக்கூடும்.'

"நல்லா போய்க்கிட்டிருக்கிற ஆர்வத்துக்குக் கண்ணு வைக்காதீங்க செக்கெலா," என்றார் கிஹ்வெலே.

மே 24, ஞாயிறு

அம்பெலேயோடு போனில் சண்டை.

"கியர்ல இறங்கு. சொன்னா கேளு."

"கியர்ல இறங்கினா பட்டியல்ல கடைசி. கடைசியா வர்றவன்கிட்ட வண்டியைப் புடுங்கிடுவாங்க. அந்தப் பட்டியலே உன் ஆபீசு கேட்டதுதானே? என்கிட்ட எதுக்குக் கத்துற?"

சரியாகத்தான் கேட்டான். அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினேன். அடுத்த நடையில் நானும் உன் பக்கத்தில் உட்காருவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 30, சனி

போனேன். இப்போகோலோவில் ஏறினேன். கிட்டோங்கா உச்சி வந்ததும் அவன் கை நியூட்ரலுக்குப் போனது. நான் அவன் கையைப் பார்த்தேன். கீழ் கியரில் போட்டான்.

நத்தை மாதிரி இறங்கினோம். பின்னால் ஒரே ஹாரன். வளைவு என்றும் பாராமல் பச்சை நட்சத்திர லாரிகள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயின. ஒபெதி தாண்டும்போது ஜன்னலில் கை நீட்டி, "அக்காவைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கத்திவிட்டுப் போனான்.

அடிவாரத்தில் அவன் லாரி நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தில் புகை. வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ரப்பர் எரிந்த நாற்றம். வெங்காயம் விற்கும் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்களுக்கு அது தினசரி.

"இனிமே இப்படித்தான் இறங்குவேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு," என்றேன். செத்துப்போன அம்மாவை இழுத்தது அநியாயம்தான். அம்பெலே சத்தியம் செய்தான். "திருப்தியா?" என்றான். திருப்திதான்.

ஜூன் 11, வியாழன்

தென்காற்று பட்டியல் வந்தது. முதலிடம் ஒபெதி. சத்தியத்துக்குப் பிறகு பத்து நாளாகக் கியரில் இறங்கிய அம்பெலே அறுபதாவது. நேற்றே அவன் வண்டியைப் பிடுங்கி ஒபெதியிடம் கொடுத்துவிட்டார்கள்.

அம்பெலே என் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறான். என்னோடு பேச்சில்லை. குழம்பில் உப்பில்லாததைக் கூடச் சொல்லவில்லை, அப்படியே சாப்பிடுகிறான்.

ஜூன் 26, வெள்ளி

விழா. இருபதாவது நிறுவனமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு லாரி, அதுவும் ஓடுவதில்லை. பாதுகாப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. சிறப்பு விருந்தினர் டொடோமாவிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். எவ்வளவு வேகத்தில் வந்திருப்பார் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

மண்டலத்தின் மிகப் பாதுகாப்பான ஓட்டுநர்: ஒபெதி. சான்றிதழில் கீழே என் கையெழுத்து. போடாமல் இருந்திருக்கலாம். இருபது நிறுவனம், கிஹ்வெலேயின் முகம், என் வேலை — போட்டேன்.

மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவன் என் அருகில் நின்றான். "அம்பெலேகிட்ட என்மேல கோவப்பட வேணாம்னு சொல்லுங்கக்கா. வண்டியை நானாக் கேக்கல."

"நீயாவது கியர்ல இறங்குடா."

"இறங்கினா அடுத்த மாசம் நானும் உங்க சோபாவுலதான் படுக்கணும். இடம் இருக்கா?"

நானும் சிரித்தேன். சிரித்தேன்.

ஜூலை 4, சனி

காலையில் கிஹ்வெலே போன். கிட்டோங்காவில் தென்காற்று லாரி பள்ளத்தில். வண்டி எண்ணைச் சொன்னார். அது அம்பெலே வண்டி எண். எனக்கு மனப்பாடம்.

திரும்பி சோபாவைப் பார்த்தேன். தூங்குறான். வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறான். கடவுளே, எவ்வளவு சந்தோஷம்! சத்தியமா எழுதுறேன், சந்தோஷம். கும்பிட்டேன். கும்பிட்ட கை கீழே இறங்குறதுக்குள்ள ஞாபகம் வந்துச்சு, அந்த வண்டி இப்ப யார்கிட்டன்னு.

ஜூலை 5, ஞாயிறு

ஒபெதி பிழைக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

தென்காற்று அறிக்கை விட்டிருக்கிறது. ஓட்டுநர் நிறுவனத்தின் விதிகளை மீறி, சொந்த விருப்பத்தில் நியூட்ரலில் இறங்கினாராம். அதனால் குடும்பத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

நானும் அம்பெலேயும் மகம்பாகோவுக்கு, ஒபெதி வீட்டுக்குப் போனோம். பேருந்தில் அம்பெலே ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தான். "நான் இருந்திருக்க வேண்டியது," என்றான். வாயை மூடு என்றேன்.

ஒபெதியின் மனைவி லுசியானா அழுது முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவளே எழுந்து போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானேக்கா?"

"ஆமா."

"பாதுகாப்பான டிரைவர்னு எழுதியிருக்கீங்க. கம்பெனிக்காரங்க அவரு மேலதான் தப்புன்னு சொல்றாங்க. போலீசுல நீங்க வந்து இது நிசம்னு சொல்லுங்க. அது போதும்."

நிசம் என்று சொன்னால் பொய். பொய் என்று சொன்னால் அவளுக்கும் குழந்தைகளுக்கும் ஒன்றும் இல்லை. ஒபெதி ஒரு பொறுக்கி டிரைவராகச் செத்தவன் ஆவான். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சுவரில் சான்றிதழ் இருந்த இடம் வெளுப்பேறக்கூட இல்லை, மாட்டிப் பத்து நாள்தான் ஆகியிருக்கும்.

ஜூலை 14, செவ்வாய்

காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் சான்றிதழைக் காட்டி, "இது உண்மையா மேடம்?" என்றார்.

"அவரு தப்பா ஓட்டினாரு. அப்படி ஓட்டினதுக்குத்தான் நாங்க முதல் மார்க்கு குடுத்தோம். அப்படி ஓட்டாதவன்கிட்டேருந்து கம்பெனி வண்டியைப் புடுங்கிச்சு, அவன் என் தம்பி, வெளிய நிக்கிறான். இது நடக்கும்னு நான் மே மாசமே எழுதிட்டேன்." என் கடிதத்தையும், டொடோமாவின் வாழ்த்துகளையும், இரண்டு மாதப் பட்டியல்களையும் மேசையில் வைத்தேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அப்படியே எழுதிக்கவா? உங்க கையெழுத்தும் இதுல மாட்டும். யோசிச்சு சொல்லுங்க."

"எழுதுங்க."

ஜூலை 28, செவ்வாய்

லுசியானா போன் செய்தாள். அறிக்கையில் ஓட்டுநரின் தவறு என்ற வரி இன்னும் இருக்கிறதாம். ஆனால் அடுத்த வரியில் தென்காற்றின் பெயரும், அதற்கடுத்த வரியில் எங்கள் அலுவலகமும் வந்திருக்கிறதாம். வழக்கு நடக்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "நிசம்னு சொல்லச் சொன்னேன், நீங்க வேற என்னமோ சொல்லியிருக்கீங்க," என்றாள். கோபமா நன்றியா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் கிஹ்வெலே கூப்பிட்டார். துந்துமா எல்லைச் சாவடிக்கு என்னை மாற்றும்படி நானே ஆர்வத்தோடு கேட்டுக்கொள்ளும் விண்ணப்பத்தை டொடோமாவிலேயே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி. காரணம் என்ற கட்டத்தையும் காலியாக விட்டிருந்தார்கள்.

"குடும்பக் காரணம்னு போட்டுடுங்க," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஐந்து மாதத்தில் இந்த மேசையைத் தாண்டிப் போன காகிதங்களை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் சோபாவில் படுத்திருப்பவனையும் நினைத்தேன். குடும்பக் காரணம் என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இது ஒன்று பொய்யில்லை.