துறைமுக வரிசையில் ஓர் அடுப்பு

அண்ணே,

காலையில் டிரெய்லர் டிரைவருக்கு நான் கட்டிக்கொடுத்த சோறும் கருவாட்டுக் குழம்பும் மத்தியானமே திறக்காமல் திரும்பி வந்துவிட்டன. "சாப்புட எங்க மேடம் டைமு? போனதும் கேட்டுல உள்ள வுட்டுட்டாங்க" என்று டப்பாவை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் அவர். மூடியைத் திறந்தேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு வார்ப்புப் பவுண்டரியின் கன்டெய்னர்களை நீங்கள் ஓட்டிய காலத்தில், வண்டியின் சாமான் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்திலேயே அரிசியும் கருவாடும் இருக்கும். துறைமுகச் சாலையில் வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டி நிழலில் அடுப்பு மூட்டுவீர்கள். முன்வண்டிக்காரருக்கும் பின்வண்டிக்காரருக்கும் சோறு உண்டு. உங்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. அன்றே கப்பலைப் பிடிக்க வேண்டிய வண்டி கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளும்; மற்றவர்கள் ஒதுங்கி முன்னே விடுவார்கள்.

சரக்கு அனுப்பும் வேலையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம், ஒருநாள் கூடவே வந்தேன். இந்தத் தடவையும் தாமதமானால் ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும் என்று நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆர்டர் போனால் எங்கள் இரண்டாம் ஷிப்டும் போகும். சிவப்புத் துணியோடு ஊர்ந்து ஊர்ந்து கேட்டை நெருங்கிவிட்டோம். அங்கே ஓர் இறால் வண்டி. குளிர்பெட்டிக்கு டீசல் தீரப்போகிறது என்று அதன் டிரைவர் தலையில் கைவைத்து நின்றிருந்தார். நீங்கள் இறங்கிப் போய், நம் துணியை அவிழ்த்து அவர் கண்ணாடியில் கட்டினீர்கள்.

"இன்னாண்ணே பண்ணீங்க!"

"எறாலு நாறிப்பூடும் தங்கச்சி. இரும்பு நாளைக்கும் இரும்புதானே."

துணி இல்லாத நம்மை, துணி கட்டிய வண்டிகள் ஒவ்வொன்றாக முந்தின. கேட்டை மூடிவிட்டார்கள். கப்பல் போனது, ஆர்டரும் போனது, இரண்டாம் ஷிப்டும் நின்றது. வேலையிழந்தவர்களில் பாதிப் பேர் என் தெருக்காரர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை அண்ணே. நல்ல மனசுக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?

திரும்பும்போது நீங்கள் சொன்னீர்கள்: "நம்ம சரக்கு மட்டமில்ல தங்கச்சி, ரோடுதான் மட்டம். ஒரு நாளாச்சும் அடுப்பு பத்தவெக்காம உள்ள பூடணும்."

பிறகு துறைமுகத்துக்குப் புதிய சாலை போட நிலம் எடுக்க வந்தார்கள். நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியில் இருந்த உங்கள் நெல் வயலும் அதில் போனது. அண்ணி அழுதார்கள். "குடுத்துட்டேன், சீக்கிரம் போடச் சொல்லு" என்றீர்கள் என்னிடம், நான்தான் சாலை போடுகிறவள் மாதிரி. தார் ஊற்றுவதற்குள் மார்வலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பழைய வெளிநாட்டுக்காரர்தான் இப்போது திரும்பி வந்திருக்கிறார். இன்றைய பெட்டி அவருக்கு; போனது உங்கள் வயல்மேல் போட்ட அந்தப் புதிய சாலையில். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டாம் ஷிப்டுக்கு ஆளைக் கூப்பிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். விடியுமுன்பே அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். வரிசையில் மாட்டிக்கொண்டால் டிரைவர் பட்டினி கிடக்கக் கூடாதே என்றுதான் கட்டிக் கொடுத்தேன்.

சாலையை நம்பாமல் சோறு கட்டியவள் நான். வயலையே கொடுத்து நம்பியவர் நீங்கள்.

அடுப்பு பற்றவைக்காமல் உள்ளே போயாச்சு, அண்ணே. டப்பாவில் இன்னும் இளஞ்சூடு இருக்கிறது. அந்தச் சிவப்புத் துணியின் மேல் இருக்கிற கோபத்தோடேயே, உங்கள் பங்கையும் சேர்த்து நான் சாப்பிடுகிறேன்.