வாசல்காரிக்கு முடிவெட்டிய கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், சர்க்கரையும் பிரஷரும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் சலூனில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் நாற்காலியைத் திட்டு.

வீட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியது, பிளம்பர் வந்து வாஷர் மாற்றினார், மறுநாளே பழையபடி ஒழுகியது, ஒரு பக்கெட்டை வைத்துவிட்டேன், நிரம்பினால் செடிக்கு ஊற்றுகிறேன். ஒருவேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறேன், உப்புப் போட்டேனா இல்லையா என்பது பாதி நாள் தெரிவதில்லை. அம்மா போய் வருடம் ஆகப்போகிறது, அன்றைக்கு வராத அழுகை இன்னும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, தொட்டால் தெரியும், ஆனால் வேறு யார் தாடையையோ தொடுவது போல இருக்கும், அப்படித்தான் இருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், தூக்கம் வருதா என்றார், வருது என்றேன், அப்ப கவலைப்படாதீங்க என்று அனுப்பிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். முன்கேட்டை ஒட்டி அம்மா வைத்த வெள்ளைப் பூச்செடி, வாசல்காரி என்று பேர் சூட்டினாளே, அவளைப் பற்றித்தான். வருடத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் பூப்பாள், அந்த மூன்று வாரமும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் கேட்டே தெரியாமல் மொய்க்கும், நாம் முன்கேட்டில் சங்கிலி போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் வருவோம். அதுங்க வேலைக்கு வந்திருக்குதுங்க, நீங்க சுத்திப் போனா குறைஞ்சா போயிடுவீங்க என்பாள் அம்மா. மாப்பிள்ளை முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோதுகூடக் குப்பைத்தொட்டியைத் தாண்டித்தான் உள்ளே வந்தார், அதைச் சொல்லி இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார். பூ உதிர்ந்த கையோடு அம்மாவே கிளைகளை வெட்டிவிடுவாள். நாற்பது வருடம் கத்தரி பிடித்த புருஷன் வீட்டில் இருந்தும் என்னைக் கிட்டே சேர்த்ததில்லை, உங்க கத்தரி கடையோட நிக்கட்டும் என்பாள். போன வருடம் பூ உதிர்ந்துகொண்டிருந்த வாரத்தில்தான் அவள் போனாள். அதற்குப் பிறகு வாசல்காரியைக் கவனிக்க ஆளில்லை, எனக்கு அப்படி ஒன்று இருக்கிற நினைப்பே இல்லை. ஒன்பது மாதத்தில் தெருவரை சாய்ந்து, கேட்டைத் திறந்தால் முகத்தில் அறைய ஆரம்பித்தாள். நீ வருகிறாய் என்று தெரிந்ததும் மாடி வீட்டு டீச்சர், அண்ணே, பாப்பா வரும்போது வாசல் இப்படியா கிடக்கிறது என்றார். சுருக்கென்றது. கடைக்கு லீவு விட்ட நாளில் பெரிய கத்தரியைச் சாணை பிடித்து, மருந்துத் தண்ணீரில் துடைத்து, வெட்டினேன் பாப்பா. பக்கத்தில் ஒட்ட, மேலே ஒரே சமமாக, பின்பக்கம் கண்ணாடி பிடித்துக் காட்டாத குறைதான். அதே சூட்டில் பக்கச் சுவரோரத்துச் சிவப்புப் பூச்செடிக்கும் வெட்டிவிட்டேன். முடித்துவிட்டுத் தெருவில் நின்று பார்த்தபோது ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தோம் என்று இருந்தது. பல மாதத்தில் அப்படி இருந்தது அன்று ஒருநாள்தான்.

சிவப்புச் செடி கிடுகிடுவென்று துளிர்த்து இப்போது கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கிறது. வாசல்காரி வெறும் இலைதான் விட்டாள். மொட்டு வைக்கிற காலம் வந்தும் ஒன்றையும் காணோம் என்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நாற்றுப்பண்ணைக்காரரிடம் போனேன். நம்மிடம் முடிவெட்டிக்கொள்கிறவர்தான், என் நாற்காலியில் உட்கார்ந்தால் தலையை ஆட்டாதீங்க என்று நான் அதட்டுவேன், அன்றைக்கு அவர் முறை. சிவப்பு புதுத் துளிர்ல பூக்கிற ரகம், ஒட்ட வெட்டினா இன்னும் நல்லாப் பூக்கும், வெள்ளை போன வருஷக் கிளையில பூக்கிற ரகம், பூ உதிர்ந்ததும் வெட்டினா உண்டு, தாமதமா கை வெச்சா உள்ள தூங்குற மொட்டும் சேர்ந்து போயிடும், நீங்க வெட்டினது முடி இல்லண்ணே, இந்த வருஷத்துப் பூ என்றார். முடி அடியிலிருந்து வளர்கிறது, நுனியை எவ்வளவு வெட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கோ உள்ளதெல்லாம் நுனியில்தான் இருந்திருக்கிறது. நாற்பது வருடம் நுனியை வெட்டிக் கூட்டிப் பெருக்கினவனுக்கு அது உறைக்கவில்லை.

வாசல்காரி மொட்டு விட்டாச்சாப்பா என்று நீ கேட்டது இதெல்லாம் தெரிந்த மறுநாள். விட்டாச்சு விட்டாச்சு என்றேன். போட்டோ கேட்டாய், கேமரா மங்கலாக இருக்கிறது என்றேன், அதுவும் பொய், இந்தக் கடிதத்தையே அந்தக் கேமராவில்தான் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறேன். அம்மா போனபோது நீ எட்டு மாதம், விமானம் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் தடுத்துவிட்டார். அம்மா முகத்தைத்தான் பார்க்கக் குடுத்துவைக்கல, அம்மா பூவையாவது குட்டிக்குக் காட்டணும் என்று அழுதாய், அதற்காகவே இந்த வாரங்களாகப் பார்த்து லீவு வாங்கினாய். அந்தப் பூவை நான்தான் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். இதைச் சொல்லாமல் உன்னை அவ்வளவு தூரம் வரவைப்பது தப்பு.

நேற்றுக் காலை, வருடா வருடம் போடுகிற வாரம் என்று, முன்கேட்டில் சங்கிலியைப் போட்டேன். யோசித்துப் போடவில்லை, கை போட்டது. அப்போது தேனீ வந்தது, ஏழெட்டு இருக்கும். வாசல்காரியின் மேலே சுற்றின, ஒன்று இலையில் உட்கார்ந்தது, நடந்தது, எழுந்தது, பிறகு எல்லாம் பக்கச் சுவருக்குப் போய்விட்டன. மன்னிச்சுக்குங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யார்கிட்ட அண்ணே பேசறீங்க என்று டீச்சர் மாடியிலிருந்து கேட்டார். சொன்னேன். போன வருஷத்துத் தேனீ எதுவும் இப்ப உயிரோடவே இருக்காது, இதுங்க சிவப்புக்கு வந்ததுங்க, வழியில எட்டிப் பார்த்திருக்கும் என்றார். இருக்கலாம், படித்தவர். எனக்கு அவை தேடிவிட்டுப் போனதாகத்தான் பட்டது. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். பல் ஊசியின் மரப்பு விடும்போது ஓரத்தில் ஒரு குத்தல் எடுக்குமே, அவ்வளவுதான்.

பூவுக்காகத்தான் வருகிறாய் என்றால் டிக்கெட்டை அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள், அப்பா ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். வந்துவிடு பாப்பா. பூ இல்லை, நான் இருக்கிறேன். இனி அவள்மேல் கத்தரி வைக்க மாட்டேன், காலையில் வேரில் தண்ணீர், காய்ந்த குச்சியிருந்தால் மட்டும் அடியோடு எடுப்பது, பூச்சிமருந்து கூடவே கூடாது, பண்ணைக்காரர் சொன்னபடி நடக்கிறேன். அடுத்த வருடம் பூப்பாளாம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். விமானம் ஏறி இறங்கும்போது குட்டிக்குக் காது வலிக்கும், பால் கொடுத்துக்கொண்டே இரு, சளி மருந்தைக் கைப்பையில் வை. மறந்துபோய்ப் பின்பக்கம் சுற்றிப் போய்விடாதே. சங்கிலியை இன்று காலை கழற்றிவிட்டேன், இந்த வருடம் நாம் யாருக்கும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே முன்வாசலில் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா