நெப்டியூனுக்கு இரண்டு சின்ன ஊதல்

அன்பான ஸ்ரெல்லாவுக்கு,

உம்முடைய புருஷன் ஓகெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டான். சிரியும். கோவிலில் நான் பாட வாய் திறந்தாலே முழங்கையால் இடிக்கிறவர் நீர்தானே.

எல்லாம் மகளின் வேலை. ஜெனிற்றா நெப்டியூன் கிரகத்தைப் பற்றிப் பெரிய இசை ஒன்று எழுதியிருக்கிறாள். சூரியனே ஒரு புள்ளியாகத் தெரிகிற தூரமாம். அங்கே காற்று ஓயாமல் அடிக்குமாம். கடைசியில் வயலின், ட்ரம்பெட் எல்லாம் அடங்க, கப்பல் ஹோர்ன் நீளமாக ஒரு தரம். அதை ஊத, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிற டக் படகில் காலம் தள்ளுகிற நான்.

"எனக்கு நோட்ஸ் பாக்க ஏலாது பிள்ளை."

"நான் கை காட்டுவன். நீங்கள் ஊதினால் மட்டும் காணும் அப்பா."

போன சனிக்கிழமை ஒத்திகை. கை காட்டினாள். மேடையில் பூட்டியிருந்த ஹோர்னின் பிடியை நான் இழுத்தேன். நீளமாக வரவில்லை, சின்னதாக இரண்டு.

உமக்கு விளங்கும். வேலை முடிந்து உள்துறைமுகத்துக்குள் திரும்பும்போது நான் அடிக்கிற அதே இரண்டு. துறைமுகத்துக்கு மேலே, ஓர்ஸ் ஹில்லில் நம் வீட்டுக் குசினி யன்னலில் நீர் துவாயை ஆட்டிவிட்டுக் குழம்பைச் சூடாக்கப் போவீர்.

"அண்ணை, நெப்டியூனில கரை வந்திட்டுதோ?" என்றார் ட்ரம்பெட்காரர். எல்லாரும் சிரித்தார்கள், நானுந்தான். மகள் சிரிக்கவில்லை. பென்சிலால் தாளில் எதையோ வெட்டினாள்.

"இனி ரெண்டு சின்னதுதான் அப்பா."

"அதுக்குப் பிறகு?"

"ஒண்டுமில்லை. நான் கையை இறக்குமட்டும் ஒருத்தரும் அசையக் கூடாது."

அன்றிலிருந்து எனக்குப் பயம். கடல் கொந்தளித்த நாட்களிலும் இப்படிப் பயந்ததில்லை. ஊதப் பயமில்லை, ஸ்ரெல்லா. ஊதிவிட்டுக் காத்து நிற்கத்தான் பயம். நீர் கண்ணை மூடிய பிறகு ஒரு நாளும் அந்த இரண்டை நான் அடித்ததில்லை, தெரியுமா? அடித்தால் யன்னலைப் பார்க்க வேண்டி வரும். பார்த்தால்?

இப்போது அத்தனை சனத்துக்கு முன்னால், ஒரு பதிலும் வராத அந்த நேரம் முழுக்க நிற்க வேண்டும். பாதியில் நான் ஓடினால் பிள்ளையின் இசை கெட்டுப்போகும். ஓடமாட்டேன் என்று என்ன நிச்சயம்? ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓடிவந்தவன் அல்லவா நான்!

மகளிடம் இதைச் சொல்லவில்லை. உம்மிடம்தான் சொல்கிறேன். வருகிற ஞாயிறு கச்சேரியில் நான் ஊதுவேன். அவள் கையை இறக்கும்வரை, நம் யன்னல் இருக்கிற பக்கம் பார்த்தபடி நிற்பேன்.

பிறகு வீட்டுக்கு வந்து, குழம்பை நானே சூடாக்குவேன்.

இன்னமும் உமக்குப் பயந்த,
ஜெனிற்றாவின் அப்பா